ஐந்து திர்ஹம் அங்கியும் நமது பெருநாள் உடுப்பும்

 

அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா ஆதமுடைய மக்களை அழைத்து, தொழுமிடத்துக்கு வரும்போதெல்லாம் அலங்காரத்தோடு வருமாறு கட்டளையிடுகின்றான். அதே வசனத்தில், உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, வீண்விரயம் செய்கிறவர்களைத் தான் நேசிப்பதில்லை என்றும் எச்சரிக்கின்றான். அலங்காரத்தைக் கைக்கொள் என்பதும், அளவு மீறாதே என்பதும் ஒரே வசனத்தில் சேர்ந்து வந்திருப்பது கவனிக்கத் தக்கது. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ரமலான் பிற்பத்தில் கடைத்தெருவிலேயே நிற்கிறார்கள். பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அழுக்குச் சட்டையோடு முதல் ஸஃப்பில் நிற்கிறார்கள். இரு சாராருமே பாதி வசனத்தைத்தான் ஓதியிருக்கிறார்கள்.

நமது கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான முஸ்லிம் குடும்பங்கள் கைக்கும் வாய்க்குமாகக் காலம் தள்ளுபவை. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வாழைத் தோப்பிலும் திராட்சைப் பந்தலிலும் கூலி வேலை செய்வோர், தள்ளுவண்டியில் பழம் விற்போர், வாடகை ஆட்டோ ஓட்டுவோர், சிறு பெட்டிக்கடை வைத்திருப்போர் இருக்கிறார்கள். இவர்களுக்கும் பெருநாள் வருகிறது. இவர்கள் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கிறது. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய அந்தப் பத்து இரவுகளில் உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், தேனி, பெரியகுளம் கடைவீதிகளில் கூட்டம் அலைமோதுகிறது. தையற்காரரிடம் போனால், பெருநாளைக்கு முந்திய இரவு பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்கிறார். ரொக்கம் உள்ளவர் ரொக்கம் கொடுக்கிறார். இல்லாதவர் என்ன செய்கிறார்? இங்கேதான் நாம் மனம் நொந்து பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தண்டல்காரர் பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு, முன்வட்டியாக ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ரமலான் பிறை இருபதில் வாங்கிய கடன் எப்போது தீரும்? ரமலானில் மீதம் பத்து நாள், ஷவ்வால் ஒரு மாதம், துல்கஃதா ஒரு மாதம். எண்பதாம் நாள் வாக்கில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடுகிறது. அப்போதும் இருபது நாள் தவணை பாக்கி! நோன்புப் பெருநாளுக்கு எடுத்த சட்டை சாயம் வெளுத்துப் பிள்ளை தெருவில் விளையாடும் சட்டையாகிவிட்டது. அதற்குரிய கடனோ இன்னும் வாசலில் வந்து நிற்கிறது. இதற்கிடையே அடுத்த பெருநாளுக்கும் உடுப்பு வேண்டுமென்றால், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்.

அதிக வட்டி வாங்குவதைத் தடை செய்து தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டம் வாங்குபவனைத்தான் பிடிக்கும். நமது ஷரீஅத்தோ அத்தோடு விடுவதில்லை. வட்டி வாங்குபவன், கொடுப்பவன், அதை எழுதுபவன், அதற்குச் சாட்சி நிற்பவர்கள் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. முப்பது நாள் பசித்திருந்து, தராவீஹ் தொழுது, ஃபித்ரா கொடுத்து, கடைசியில் அந்தச் சாபத்துக்குரிய பணத்தில் வாங்கிய உடுப்போடு ஈதுகாவில் நிற்பதா? நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதும், குழுக்கடன் என்று வாரந்தோறும் வட்டியோடு கட்டுவதும் பெயரில்தான் வேறு.

‘குழந்தைகள் முகத்தைப் பார்த்தால் மனம் கேட்கவில்லையே, ஹஜ்ரத்!’ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் உள்ள வேதனையை நாம் அறிவோம். ஆகவேதான், பெருநாளுக்குப் புத்தாடை என்பதை மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அவ்ரத்தை மறைப்பது ஃபர்ளு. உடுப்பு நஜீஸின்றிச் சுத்தமாயிருப்பது தொழுகைக்கு ஷர்த்து. பெருநாளன்று தன்னிடமுள்ள ஆடைகளில் சிறந்ததை அணிவது விரும்பத்தக்கது. ‘தன்னிடமுள்ளவற்றில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நமது ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் இதைச் சொல்லும்போதே, அது புதியதாயினும் சரி, துவைத்ததாயினும் சரி என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கண்ணியமிக்க ஃபுகஹாக்கள் இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வீட்டு வறுமையை நினைத்து எழுதிவைத்தது போலல்லவா இருக்கிறது! துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்த உடுப்புக்குக் கிடைக்கும் நன்மை, கடையிலிருந்து வந்த உடுப்புக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததன்று.

இனி, உடுப்பே இல்லாதவர் நிலை என்ன? பெருநாள் திடலுக்குப் பெண்கள் யாவரும் வரவேண்டும் என்று நபியவர்கள் சொன்னபோது, எங்களில் ஒருத்திக்கு மேலங்கி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. அவளுடைய சகோதரி தன் மேலங்கியை அவளுக்கு உடுத்தக் கொடுக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் திருவாய் மலர்ந்தார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கடன் வாங்கி எடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் அலமாரியைத் திறந்துவிட்டார்கள்!

இதைவிடவும் உள்ளத்தை உருக்கும் செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உம்முல் முஃமினீன் ஆயிஷா சித்தீக்கா (ரலி) நாயகி அவர்களைக் காண ஐமன் என்பவர் சென்றார்கள். அன்னை அவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள முரட்டுத் துணி அங்கி ஒன்றை அணிந்திருந்தார்கள். தம் பணிப்பெண்ணைக் காட்டி, இவளைப் பாருங்கள், இதை வீட்டுக்குள் உடுத்தக்கூட இவளுக்கு மனமில்லை என்று கூறிவிட்டு, நபியவர்கள் காலத்தில் தம்மிடம் இத்தகைய அங்கி ஒன்று இருந்ததென்றும், மதீனாவில் மணக்கோலம் பூண வேண்டிய பெண் யாராயினும் தம்மிடம் ஆளனுப்பி அதை இரவல் வாங்காமல் இருந்ததில்லையென்றும் நினைவுகூர்ந்தார்கள்.

சகோதரிகளே, இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஐந்து திர்ஹம் என்பது எவ்வளவு? ஸகாத் கடமையாகும் வெள்ளியின் அளவு இருநூறு திர்ஹம். நமது ஹனஃபி கணக்கில் 612 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். அந்த இருநூறுக்குக் கொடுக்க வேண்டிய ஸகாத்தே ஐந்து திர்ஹம். அதாவது பதினைந்து கிராமுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளி. அந்த விலையுள்ள ஒற்றை அங்கி வீடு வீடாகப் போய், ஒரு மணப்பெண்ணுக்குப் பின் இன்னொரு மணப்பெண்ணை அலங்கரித்துத் திரும்பி வந்திருக்கிறது. போன கல்யாணத்தில் இன்னாள் உடுத்தியதாயிற்றே என்று மதீனாவில் எவரும் முகம் சுளித்ததாக நாம் படிக்கவில்லை. உலகப் பெண்களில் சிறந்த தலைமுறை அது. அவர்களுடைய மணக்கோலம் இரவல் அங்கியில் நிறைவேறியது.

இந்த ஹதீஸின் மற்றொரு பாதியையும் மறந்துவிடக் கூடாது. காலம் மாறி, கையில் காசு புழங்கத் தொடங்கியதும், ஒரு காலத்தில் மணப்பெண்கள் கேட்டனுப்பிய அதே துணியைப் பணிப்பெண் வீட்டுக்குள்ளும் உடுத்த மறுத்தாள். துணி அப்படியேதான் இருந்தது. கண்தான் மாறியது. நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பத்து மாதத்துக்கு முன் ஆசைப்பட்டு எடுத்த சேலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை உடுத்தியபடி எடுத்த படம் சொந்தக்காரர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறதாம். அதனால் அதை மறுபடி உடுத்த முடியாதாம்! அதற்காகக் கல்யாணத்துக்கே போகாமல், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருக்கும் பெண்களும் உண்டு. சொந்தபந்தத்தைச் சேர்ந்து வாழ்வது கடமை. ஒரு சேலைக்காக அதை முறிப்பதா? அதற்கு மேல் ஒரு பொய்யுமா?

இங்கே விவரமறிந்த சகோதரி ஒருவர் நம்மை மடக்கலாம். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவன் பொய்யின் இரு ஆடைகளை உடுத்தியவனைப் போன்றவன் என்று நபிமொழி இருக்கிறதே, இரவல் உடுப்பு அதில் சேராதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அன்னை அவர்களின் அங்கியை இரவல் வாங்கிய பெண்கள் அது தங்களுடையது என்று பெருமையடிக்கவில்லை. யாருடையதென்று ஊருக்கே தெரியும். இரவலில் குற்றமில்லை; இல்லாத செல்வத்தை இருப்பதாக நம்பவைப்பதில்தான் குற்றம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தங்கையின் சேலையை ‘தங்கச்சி சேலைதான்’ என்று சிரித்துக்கொண்டு உடுத்துபவள் தப்பினாள். தண்டல் பணத்தில் பட்டெடுத்து, அத்தா வாங்கித் தந்தார் என்று சொல்பவள் மாட்டிக்கொண்டாள். அந்த உடுப்பு முழு விலைக்கு வாங்கியதுதான். பொய்யின் ஆடையும் அதுவேதான்.

மணமகனுக்கும் இதுவே. ஒரு நாள் உடுத்திவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கும் கோட்டுக்கும் ஷெர்வானிக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, வாடகைக்கு எடுத்து உடுத்திக் கொடுத்துவிடுவது எத்தனையோ மேல். கூலி பேசிப் பொருளைப் பயன்படுத்துவது ஹலாலான இஜாரா. ஆனால் அசல் பட்டு மட்டும் ஆண்களுக்குக் கூடாது. நான்கு விரல் அகலம் வரை கரையிலிருப்பது மன்னிக்கப்பட்டிருக்கிறது. பட்டுப்புழுவிலிருந்து வராத செயற்கைப் பட்டுக்கு இந்த விலக்கு இல்லை என்பதே ஆலிம்களின் விளக்கம்.

இதுவரை படித்த சில சகோதரர்கள், ‘நாம் இப்படியே எளிமையாகத்தான் இருக்கிறோம்’ என்று கசங்கிய சட்டையைத் தடவிக்கொண்டு மகிழ்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் சில ஹதீஸ்கள் இருக்கின்றன. தலைமுடி பரட்டையாயிருந்த ஒருவரைக் கண்டபோது, முடியைப் படிய வைக்க இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்றும், அழுக்கு உடுப்போடு வந்த வேறொருவரைக் கண்டபோது, ஆடையைத் துவைக்க இவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லையா என்றும் நபியவர்கள் கேட்டதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்வது? மற்றொரு தோழர், மாலிக் பின் நள்லா (ரலி) அவர்கள், மட்டமான உடுப்பில் வந்தார்கள். உமக்குச் செல்வம் இருக்கிறதா என்று கேட்டார்கள் நாயகம். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருப்பதாகச் சொன்னதும், அல்லாஹ் உமக்குச் செல்வம் அளித்திருந்தால் அவனுடைய அருளின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்று பணித்தார்கள். தன் உடுப்பும் செருப்பும் அழகாயிருக்க வேண்டுமென விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டதற்கு, அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்றும், பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் பதிலளித்தார்கள். இது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆக, அழகாக உடுத்த விரும்பும் ஏழை வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த விருப்பம் மார்க்கத்துக்கு உட்பட்டதே.

உழைப்பாளிகளுக்கென்றே ஒரு சுன்னத் இருக்கிறது. மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து தோழர்கள் ஜும்ஆவுக்குப் புழுதியோடும் வியர்வையோடும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்தவர்கள். அப்போது, வேலை செய்யும் ஆடை தவிர ஜும்ஆவுக்கென இரண்டு ஆடைகளை ஒருவர் வைத்துக்கொண்டால் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இரண்டு என்பது மேலொன்று, கீழொன்று; அதாவது ஒரு சோடி. நமது வாழைத்தோப்புச் சகோதரர்கள் இதை அப்படியே கடைப்பிடிக்கலாம். வாழைக்கறை பட்ட வேட்டி வெளுக்கவே வெளுக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கைலி அல்லது வேட்டி; அதைத் தோப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்து குளித்து, அதை உடுத்தி, பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கழற்றி மடித்து வையுங்கள். இப்படிச் செய்தால் ஒரு சோடி இரண்டு பெருநாளைக்கும் ஐம்பது ஜும்ஆவுக்கும் புதுக்கருக்குக் குலையாமல் வரும்.

இந்த இடத்தில் ஒரு மஸ்அலா. கறை பட்ட உடுப்போடு தொழலாமா என்று தயங்கிச் சிலர் தோப்பிலேயே ளுஹரைக் களா செய்துவிடுகிறார்கள். வாழைக்கறை நஜீஸன்று; மண்ணும் வியர்வையும் நஜீஸல்ல. மாற்றுடுப்பு இல்லாத நேரத்தில் அந்த உடுப்பிலேயே தொழுங்கள், தொழுகை கூடும். மாற்றுடுப்பு இருந்தும் வேலை உடுப்பில் ஜமாஅத்துக்கு வருவதுதான் பிடிக்கத் தகாதது.

துணி எடுப்பதையும் தைப்பதையும் பற்றி ஓர் ஆலிம் எழுத வேண்டுமா என்று யாராவது கேட்டால், நமது இமாம் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரத்தின் துணி வியாபாரி என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். ஹிஜ்ரி 80-இல் பிறந்து 150-இல் மறைந்த அன்னார் தாமும் நேர்த்தியாக உடுத்துபவர்கள். ஒருமுறை தம் சபையில் நைந்த உடுப்போடு அமர்ந்திருந்தவரைக் கண்டு, கூட்டம் கலையும்வரை இருக்கச் சொன்னார்கள். பிறர் பார்க்கும்போது அவரைக் கூசச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் போனபின், முஸல்லாவை உயர்த்தி அதன் அடியிலிருப்பதை எடுத்து நிலையை மாற்றிக்கொள்ளும்படி சொன்னார்கள். அடியில் ஆயிரம் திர்ஹம் இருந்தது. அவரோ, தாம் வசதியுள்ளவர்தான், இது தேவையில்லை என்றார். அப்படியானால், அல்லாஹ் தன் அருளின் அடையாளத்தை அடியானிடம் காண விரும்புகிறான் என்ற ஹதீஸ் உமக்கு எட்டவில்லையா, உம் நண்பர் உம்மைப் பார்த்து வருந்தாதபடி நிலையை மாற்றிக்கொள்ளும் என்றார்கள் இமாமவர்கள்.

அதே இமாமவர்கள், குறையுள்ள துணி ஒன்றைக் கூட்டாளி ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி பணித்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த பணத்தை முழுவதும் ஸதக்கா செய்துவிட்டார்கள். நமது ஜவுளிக்கடைச் சகோதரர்கள் இதைக் கேட்க வேண்டும். ஏழை ஒருவன் தன் ஒரு மாதச் சேமிப்பைக் கொண்டுவந்து சட்டைத்துணி எடுக்கும்போது, இது முதல் துவையலில் சாயம் விடும், இது சுருங்கும் என்று சொல்லிவிடுங்கள். நெசவில் சிறு பழுதுள்ள துணியைப் பழுதைக் காட்டிக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். கெட்டிக்காரத் தாய் அந்தப் பழுதை விலக்கி வெட்டி, பிள்ளைக்கு அருமையான சட்டை தைத்துவிடுவாள்.

தேனியிலிருந்து மதுரை போகும் வழியில், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெய்யும் பருத்திச் சேலைகள் வெளியூர்களுக்குப் போகின்றன. நம்மவர்களோ பக்கத்திலிருக்கும் அந்தப் பருத்தியை விட்டு, மினுங்கும் துணியைத் தேடி ஓடுகிறார்கள். பருத்தியைச் சோற்றுக் கஞ்சி போட்டு நிழலில் உலர்த்தித் தேய்த்தால் அதற்கிருக்கும் மிடுக்கு, இரண்டு துவையலில் இழை பிரியும் மினுமினுப்புத் துணிக்கு வராது. ஆடித் தள்ளுபடியில் விலை குறையும்போதே தேவையானதை மட்டும் எடுத்து வையுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டேயிருக்கும். துணி பெட்டியில் காத்திருக்கும். ஷஃபானிலேயே தைத்துவிட்டால் ரமலான் பிற்பத்தின் இரவுகள் உங்களுக்கு மிச்சம். இந்த ஒரு இலாபத்துக்காகவே இதைச் செய்யலாம்.

உடுப்பின் அழகில் பாதி அளவில் இருக்கிறது. தோளில் சரியாக அமர்ந்த மலிவான சட்டை, தொளதொளவென்று தொங்கும் விலையுயர்ந்த சட்டையைவிட நன்றாயிருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு ஓரத்திலும் கைமுனையிலும் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிவிடலாம். அண்ணனுக்குச் சிறிதானது தம்பிக்குப் பெருநாள் உடுப்பாகட்டும். ஆனால் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். பித்தானை மாற்றி, காலரைத் திருப்பி, தேய்த்து, புதுத் தொப்பி ஒன்றோடு கொடுங்கள். தம்பிக்கும் மனம் இருக்கிறதல்லவா? ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கே பழையது விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குள் நீதி செலுத்துவதும் மார்க்கமே. கிழிந்ததைத் தைப்பதில் இழிவில்லை. நபியவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருக்கும்போது அவர்களுடைய இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுத் துணிகளைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முவத்தாவில் இருக்கிறது.

பர்தா விஷயத்திலும் ஒரு வார்த்தை. நம் நன்னிமார்கள் வெளியே போகும்போது வெள்ளைத் துப்பட்டி போட்டுப் போனார்கள். பணக்கார வீட்டுத் துப்பட்டியும் ஏழை வீட்டுத் துப்பட்டியும் தெருவில் ஒன்றுபோலவே இருந்தன. உள்ளே என்ன சேலை என்று எவருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக்கே திரும்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மறைப்பதற்கென்று அணியும் அங்கியிலேயே கல் பதித்து, கைக்குக் கை வேலைப்பாடு செய்து, கல்லூரிக்குப் போகும் பிள்ளை வாரம் ஐந்து நாளும் ஐந்து விதம் கேட்கும் நிலை வந்துவிட்டது. பேர் வாங்குவதற்கென்றே உடுத்தும் ஆடை மறுமையில் இழிவின் ஆடையாகும் என்ற எச்சரிக்கை (அபூதாவூத், இப்னு மாஜா) இந்த அங்கிக்கும் பொருந்தும். வேலைப்பாடில்லாத நல்ல துணியில் இரண்டு அங்கி. அவற்றுக்கு ஒத்துவரும் நிறங்களில் மூன்று நான்கு தலைத்துணி. இதற்கு மேல் ஒரு மாணவிக்கு என்ன வேண்டும்? தலைத்துணி மாறினாலே உடுப்பு மாறியது போலிருக்கும். இந்த யுக்தி பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பணம் இல்லையென்று பெற்றோர் வாய்விட்டுச் சொன்னால் அவர்களே செய்துகொள்வார்கள். சொல்லத்தான் நமக்குக் கூச்சம்.

கடைசியாக, வசதி படைத்த சகோதரர்களிடம் ஒரு விண்ணப்பம். ரமலான் வந்ததும் ஜவுளிக்கடைகளில் ‘ஸகாத் சேலை’ என்று ஒரு சரக்கு தனியாக அடுக்கி வைக்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு. ஒரே ரகம், ஒரே கரை, வலைபோன்ற நெசவு. அதை வாங்கிய ஏழைச் சகோதரி பெருநாளன்று உடுத்தித் தெருவில் இறங்கினால், அது யார் கொடுத்த ஸகாத் என்று ஊருக்கே தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்று பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கின்றான். அந்தச் சேலையை உங்கள் மனைவிக்கு எடுத்துப்போவீர்களா? உங்கள் மகள் உடுத்துவாளா?

ஸகாத்தைப் பணமாகவே கொடுத்துவிடுங்கள். அவள் தன் அளவுக்கு, தன் நிறத்துக்கு, தன் பிள்ளைகளின் தேவைக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளட்டும். தண்டல்காரரிடம் அவள் போகாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெருநாளைக்கு முந்திய இரவு வரை அதைக் கையில் வைத்திருக்கவும் வேண்டாம். நிஸாப் உள்ளவர் ஆண்டு நிறைவதற்கு முன்பே ஸகாத்தை முற்படுத்திக் கொடுப்பது நமது மத்ஹபில் கூடும். ரஜபிலோ ஷஃபானிலோ கொடுத்துவிடுங்கள். அவளும் தையற்காரரிடம் போக வேண்டுமே.